காலி நாற்காலிகளின் எழுத்தர்

லூட்கர் ஆங்கனெண்ட் தன் வாழ்நாளில் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதில்லை. எங்கள் ஊரில் இதை நல்ல குணம் என்கிறார்கள். முதியோர் பராமரிப்புக்குப் படித்து முப்பத்தெட்டு வருடம் அந்த வேலையில் இருந்தவள் நான். முடியாது என்று சொல்லத் தெரியாத பராமரிப்பாளர்களால் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது என்று என்னால் பெயர் பெயராகச் சொல்ல முடியும்.

ஊரில் குறிசுடும் திருவிழா நடக்கும்போது உயரக் கம்பத்தில் மரப்பறவையைக் கட்டி வைப்பார்கள். கடைசித் துண்டைச் சுட்டு வீழ்த்துகிறவன் அந்த வருடத்து ராஜா. லூட்கர் இருபத்தாறு வருடம் வரிசையில் நின்று சுட்டான். நன்றாகச் சுடத் தெரிந்தவன்தான். ஆனால் பறவை ஆடத் தொடங்கியதும் அவன் குண்டுகள் வானத்துக்குப் போய்விடும். வீழ்த்திவிட்டால் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டுமே. ராஜாவுக்குப் பின்னால் குடை பிடிக்க மட்டும் ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக வந்து நிற்பான்.

அவன் வேலை குன்றின் மேல் இருந்தது. எங்கள் ஊரான ஹாஸ்டென் பக்கத்தில் பீட்ரூட் வயலுக்கு மேலே ஐம்பது மீட்டர் எழும்பினால் அதற்குக் குன்று என்று பெயர். அதன் புல்லுக்கு அடியில், பல நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணியின் வான்படைக் கட்டளை மையம். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வடகடல் முடியும்வரை உள்ள வானம் அங்கே ஒரு கூடத்தின் திரைகளில் தெரியும். பெயர் சொல்லாத விமானம் ஏதாவது நுழைந்தால் கால் மணி நேரத்துக்குள் எங்கோ இரண்டு போர் விமானங்கள் மேலே எழும்பும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். விமானத்தை எழுப்புவது அவர்களுக்குத் தெரிந்த வேலை. நாற்காலியில் ஆளை உட்கார வைப்பதுதான் தெரியாது.

அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு எண், ஒரு பதவி, ஒரு கொடி. இந்த நாற்காலி இந்த நாட்டுக்கு, அந்த நாற்காலி அந்த நாட்டுக்கு. இவற்றுக்காக நாடுகள் போடுகிற சண்டையைப் பார்த்தால், எங்கள் இல்லத்தில் ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட்ட கிழவிகள் தங்கம் என்று தோன்றும். கிழவிகள் சண்டை முடிந்ததும் அந்த இடத்தில் உட்காரவாவது செய்தார்கள். நாடுகள் நாற்காலியை வாங்கி, மேசைமேல் சின்னக் கொடியைக் குத்திவிட்டு, ஆளை அனுப்பாமல் விட்டுவிடும். கேட்டால் அடுத்த வருடம் என்று பதில் வரும்.

லூட்கர் ஆட்பிரிவில் எழுத்தர். சீருடை கிடையாது, கொடியும் கிடையாது. அடுத்த மாதம் எந்த இரவு யார் கூடத்தில் உட்கார வேண்டும், ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பதிலுக்கு யார், ஒரு நாட்டின் ஆள் ஊர் திரும்பினால் இடைவெளியை எப்படி அடைப்பது என்பதெல்லாம் அவன் தலையில் இருந்தது. உண்மையில் அது மூன்று அதிகாரிகள் செய்ய வேண்டிய வேலை. மூன்று நாடுகளுக்கு உரிய மூன்று நாற்காலிகள் அவன் அறையிலேயே இருந்தன. ஒன்பது வருடமாக அவற்றில் யாரும் உட்காரவில்லை. லூட்கர் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று கொடிகளிலும் தூசி தட்டுவான். மாதக் கடைசியில் போகும் அறிக்கையில், மூன்று எண்களுக்கும் நேராக, "கவனிக்கப்படுகிறது" என்று எழுதுவான். காலி என்று எழுதினால் அந்த நாட்டுக்கு அவமானமாம்.

எங்கள் தொழிலிலும் இப்படி ஆள் பெயர் இல்லாத சொற்கள் உண்டு. நோயாளியின் தாளில் "இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார்" என்று எழுதினால், யார் திருப்பியது என்று பக்கத்தில் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் தாளை நம்ப மாட்டாள், போர்வையை விலக்கி முதுகைப் பார்ப்பாள். குன்றின் மேல் யாரும் போர்வையை விலக்கவில்லை.

லூட்கரின் மனைவி ஹில்ட்ரூட்டுக்கு நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய். முன்பு நூலக வண்டியை ஊர் ஊராக ஓட்டினவள். இப்போது கால் போய், கையும் பெரும்பாலும் போய், பேச்சு மெதுவாகிவிட்டிருந்தது. ஒரு வாக்கியம் சொல்வதற்குள் காப்பி ஆறிவிடும். அறிவும் நாக்கின் விஷமும் மட்டும் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டுக்காரியான நான் ஓய்வு பெற்றபின் காலையிலும் மாலையிலும் அவளைப் பார்த்துக்கொண்டேன். நடுப்பகலில் லூட்கர் சைக்கிளில் இறங்கி வருவான். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, சூப் ஊட்டிவிட்டு மேலே போவான். இரவு முழுவதும் அவன் பொறுப்பு. அந்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான். அவள் முதுகில் நான் ஒருநாளும் ஒரு சிவப்புத் திட்டுகூடக் கண்டதில்லை. அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருக்கிற நல்ல சேதி இதுதான், ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏற்பாடு நடக்க ஒரே ஒரு விஷயம் தேவைப்பட்டது. லூட்கரின் வேலை சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும்.

அப்போதுதான் சீரமைப்பு வந்தது. கூட்டணிக்கு வான்படை மையங்கள் அதிகமாகிவிட்டன, சிலவற்றை மூட வேண்டும், மிச்சத்தை மாற்றி அடுக்க வேண்டும் என்று தலைமையகத்தில் முடிவு செய்தார்கள். எங்கள் குன்று தப்பியது. ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை முதலிலிருந்து எழுதப் போகிறார்கள். அதற்காக ரூலோஃப்ஸ் என்று ஒரு கர்னல் வந்து இறங்கினார். நெட்டையான மனிதர், சுத்தமான நகம். எந்தக் கேள்விக்கும் வரைபடம் வைத்திருந்தார்.

வந்தவரை லூட்கர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தான். மே மாதம், வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள் சந்தைக்கு வந்திருந்த சமயம். கூடவே மேஜர் வீக்ஸ்னேயும் வந்தார். கிழக்கே கடலோரத்தில் உள்ள ஒரு சின்ன நாட்டுக்காரர், மையத்தில் அந்த நாட்டின் ஒரே ஆள். எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருந்தார். லூட்கரின் அறையில் இருந்த மூன்று காலி நாற்காலிகளில் ஒன்று அவர் நாட்டுடையது. நான் ஹில்ட்ரூட்டுக்கு ஊட்டுவதற்காக இருந்தேன்.

"எங்க நோக்கம் ஒண்ணுதான்," என்றார் கர்னல், உருக்கிய வெண்ணெயைத் தட்டில் தாராளமாக ஊற்றிக்கொண்டே. "கொழுப்பக் கரைக்கணும்."

"அப்ப அந்தக் கிண்ணத்த இந்தப் பக்கம் தள்ளுங்க, கர்னல் சார்," என்றாள் ஹில்ட்ரூட். அவள் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள். "கரைக்கறதுக்கு எங்களுக்கும் கொஞ்சம் வேணும்."

மேஜர் சிரித்தார். லூட்கர் கிண்ணத்தை எடுத்து, மறுபடியும் கர்னலுக்கே முதலில் நீட்டினான்.

"ஒண்ணு கேக்கறேன் சார்," என்றேன் நான். "ஒரு நாற்காலியில ராத்திரி பகல் எப்பவும் ஆள் இருக்கணும்னா எத்தனை பேர் வேணும்?"

"மூணு ஷிஃப்ட். மூணு பேர்."

"ஞாயித்துக்கெழமைக்கு?"

"சரி, நாலு."

"லீவுக்கு? காய்ச்சலுக்கு? பயிற்சிக்குன்னு ரெண்டு வாரம் கூட்டிட்டுப் போறீங்களே, அதுக்கு?"

"அதெல்லாம் திறமையா நிர்வாகம் பண்ணா..."

"அஞ்சரை பேர்," என்றேன். "எங்க இல்லத்துல பாத்திரம் கழுவற பொண்ணுக்கே இது தெரியும். உங்களுக்கு அந்த அரை ஆள மாசாமாசம் எங்கேருந்தாவது பிடிச்சுட்டு வர்றவர்தான் இப்ப உங்க தட்டுல உருளைக்கிழங்கு வைக்கிறார்."

"ஆல்மூட்," என்று என்னை அடக்கினான் லூட்கர், தரையைப் பார்த்தபடி.

கர்னலுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் அளவுக்கு அவர் என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க முதியோர் இல்லமும் வான் பாதுகாப்பும் ஒண்ணாம்மா?" என்று கனிவாகக் கேட்டார்.

"ஒண்ணு இல்ல சார். எங்க இல்லத்துல ஆள் கொறைஞ்சா அன்னிக்கே நாத்தம் அடிக்கும்."

ஹில்ட்ரூட் சிரித்ததில் புரையேறிவிட்டது. நான் அவளை முன்னால் சாய்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, லூட்கர் கர்னலிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கர்னல் எல்லா நாற்காலிகளுக்கும் படிவம் அனுப்பினார். இந்த நாற்காலியில் செய்யப்படும் வேலை என்ன, கால் மணிக் கணக்காக எழுதுக. ஆட்பிரிவின் மூன்று நாற்காலிகளுக்கும் படிவம் வந்தது. வாங்க ஆள் இல்லாததால் மூன்றும் லூட்கரிடம் வந்தன. அவன் மூன்றையும் நிரப்பினான், மிகவும் நேர்மையாக. இரவுப் பட்டியல், பதில் ஆள், இடைவெளி அடைத்தல், தலைநகரங்களுக்குக் கடிதம் என்று தான் செய்கிற வேலை எல்லாவற்றையும் அந்தந்த நாற்காலியின் கீழ் எழுதினான். தனக்கு வந்த நாலாவது படிவத்தில் ஒரே ஒரு சொல் எழுதினான்: "உதவி."

எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்ததும் கேட்டேன்.

"ஏன்யா அப்படி எழுதின?"

"படிவத்துல பேர் கேக்கல ஆல்மூட். நாற்காலி எண்தான் கேட்டாங்க. அந்த வேலை அந்த நாற்காலியோடது."

"நாற்காலிக்குக் கை இருக்கா?"

"அது அவங்க எடம். நான் அதத் தற்காலிகமா பாத்துக்கறேன்."

"ஒன்பது வருஷமா?"

அவன் சைக்கிள் கிளிப்பைக் கால்சட்டையில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். பதில் சொல்லாமல் இருப்பதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது.

கர்னலின் கணக்கு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டெனில் ஆட்பிரிவு: மூன்று நாற்காலி, மூன்றிலும் நாள் முழுக்க வேலை நடக்கிறது, மாத அறிக்கையும் ஒன்பது வருடமாக அப்படித்தான் சொல்கிறது. இதற்கு மேல் ஒரு உதவியாளர், வேலை எதுவும் காட்டப்படவில்லை. தெற்கே உள்ள மையத்திலோ உதவியாளர் இல்லாமல் திண்டாடுகிறார்கள். ஆகவே உதவியாளரைத் தெற்கே அனுப்புக. தெற்கு என்பது அறுநூறு கிலோமீட்டர்.

அந்தப் புதிய பட்டியல் அறுபத்தெட்டுப் பக்கம். அதைத் தட்டச்சு செய்தவன் லூட்கர். ஐம்பத்தோராம் பக்கத்தில் தன் வரிக்கு நேராக "இடமாற்றம், செப்டம்பர்" என்று அவன் விரல்தான் அடித்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்று கர்னல் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான்.

பட்டியல் உடனே அமலுக்கு வராது. கூட்டணியில் ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, ஒரு நாளும் நேரமும் குறிப்பார்கள். அதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இதற்கு மௌனத்தில் வைப்பது என்று பெயர். மௌனம் சம்மதம் என்று மற்றவர்கள் வாய்வார்த்தையாகச் சொல்வதை இவர்கள் முத்திரை குத்தி நேரம் குறித்துச் செய்கிறார்கள். யாராவது ஒரு நாடு ஒரே ஒரு வரி எழுதினால் போதும், மௌனம் உடைந்துவிடும், காகிதம் திரும்பிவிடும். கெடு வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி.

அறுபத்தெட்டுப் பக்கத்தை எந்த நாட்டிலும் யாரும் படிக்கவில்லை. படித்திருந்தால் மூன்று தலைநகரங்களில் அலறியிருப்பார்கள். ஏனென்றால், உதவியாளன் போனபின் ஆட்பிரிவின் முழு வேலையையும் அந்த மூன்று நாற்காலிகளின் அதிகாரிகளே செய்வார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அனுப்புவதற்கு அந்த நாடுகளிடம் ஆளே கிடையாது.

புதன்கிழமை காலை ஹில்ட்ரூட்டின் படுக்கையை மாற்றும்போது தலையணைப் பக்கத் தட்டில் ஒரு உறை கிடைத்தது. உறைமேல் நான் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்த இல்லத்தின் பெயர். உள்ளே சேர்க்கை விண்ணப்பம். லூட்கரின் குண்டு குண்டான கையெழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது. பிறந்த தேதி, மருந்து, பிடிக்காத உணவு, எல்லாம் சரியாக. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"இது என்னடி?"

"திங்கக்கெழம வச்சான்," என்றாள். "படிச்சுக் காட்டினான். வியாழக்கெழம மத்தியானம் பதில் சொல்லணுமாம். ஏதாவது சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லுன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சொல்லைத் திரட்டினாள். "போக மாட்டேன்னு அவன் சொல்வான்னு பாத்துட்டு இருந்தேன். கர்னல்ட்ட."

அந்த இல்லம் மோசமானது என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து இரவில் முப்பத்திரண்டு பேருக்கு ஒருத்திதான். திருப்புவாள், ஆனால் அவளுக்கு நேரம் கிடைக்கும்போது. ஹில்ட்ரூட் மெதுவாகச் சொல்லும் வாக்கியத்தைக் கேட்டு முடிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். நானும் போயிருக்கிறேன். ஆறு மாதத்தில் அவள் பேசுவதையே விட்டுவிடுவாள். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பலரிடம் பார்த்தது.

நடுப்பகல் லூட்கர் வந்தபோது அவனைச் சமையலறையில் நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"வீக்ஸ்னேகிட்ட ஒரு வார்த்த சொல்லு. அந்த நாற்காலி காலி, வேல செய்யறது நான்னு. அவ்வளவுதான். அவங்க நாடு நாளைக்கே ஒடச்சிடும்."

"அது முறையில்ல ஆல்மூட். கொடி இருக்கறவங்கதான் வாயத் தெறக்கணும். எனக்குக் கொடி இல்ல."

"கொடியப் பத்தி யார் கேட்டா? பொண்டாட்டி இருக்காளா இல்லயா?"

"காலின்னு நான் சொன்னா அவங்க நாட்டுக்கு எவ்வளவு அசிங்கம். கர்னலுக்கும் அசிங்கம். அவர் மூணு மாசம் ஒழைச்சிருக்கார்."

"ஹில்ட்ரூட் எங்க போவா?"

"அவகிட்ட காகிதத்த வச்சேனே." அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "அவ ஒண்ணும் சொல்லலையே."

முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்த பெண்ணிடம் இவன் விண்ணப்பத்தை மௌனத்தில் வைத்திருக்கிறான். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவன் தலையில் ஊற்றாமல் காப்பிப் பொடியில் ஊற்றினேன்.

வியாழன் காலை அவளைத் துடைத்து, தலை வாரி, உட்காரவைத்தேன். பத்து மணி இருக்கும்.

"போனை எடு," என்றாள் ஹில்ட்ரூட். "வீக்ஸ்னே."

எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மேஜர் எடுத்தார்.

"மேஜர், நான் ஹில்ட்ரூட். நிதானமாத்தான் பேசுவேன். வச்சிடாதீங்க."

"வைக்க மாட்டேம்மா. சொல்லுங்க."

"என் வீட்டுக்காரர் மூணு நாற்காலியில உக்காந்திருக்கார். ஒண்ணு உங்களோடது. செப்டம்பர்ல அவரத் தெக்க அனுப்பறாங்க. அப்புறம் அந்த வேலய உங்க ஆள் செய்யணும்னு எழுதியிருக்கு. அம்பத்தோராம் பக்கம்."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. அறுபத்தெட்டுப் பக்கமும் அவர் மேசைமேல்தான் இருந்திருக்கிறது.

"அந்த நாற்காலி காலின்னு உங்களுக்குத் தெரியாதா மேஜர்?" என்று நான் நடுவில் கேட்டேன்.

"தினமும் பாக்கறேன்மா. பாக்கறது வேற, எனக்குத் தெரிவிக்கறது வேற. அறிக்கையில கவனிக்கப்படுகிறதுன்னு வருது. எங்க தலைநகர்ல, பக்கத்து நாட்டுக்காரன் யாரோ பெரிய மனசு பண்ணி ஆள் குடுத்திருக்கான்னு நெனச்சிட்டு இருக்காங்க. கிறிஸ்துமஸுக்கு நன்றிக் கடிதம்கூட அனுப்பியிருக்கோம்."

"யாருக்கு?"

"அதான் தெரியல. பொதுவா அனுப்பினோம்."

ஹில்ட்ரூட்டின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி பிடித்தது.

"இப்ப நான் தெரிவிச்சிட்டேன்," என்றாள்.

"தெரிவிச்சிட்டீங்க," என்றார் மேஜர். "எங்க நாட்டுல அந்த வேல தெரிஞ்சவங்க மொத்தம் நாலு பேரும்மா. அதுல ஒருத்தி பிரசவ லீவுல இருக்கா. நான் தலைநகருக்குப் பேசறேன். அங்க முடிவு பண்ற ஆள் காலைக் கூட்டத்துல இருப்பான், எப்ப வெளிய வருவான்னு சொல்ல முடியாது. பன்னெண்டுக்குள்ள கெடச்சா கெடச்சதுதான்."

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் போர்வைகளைத் துவைக்கப் போட்டேன், சூப்புக்குக் காய்கறி நறுக்கினேன். ஹில்ட்ரூட் கடிகாரம் இருக்கும் சுவர்ப் பக்கமாகத் தன்னைத் திருப்பச் சொன்னாள். பன்னிரண்டு அடித்தது. லூட்கர் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவன் தாமதித்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டே காலுக்கு வாசலில் சைக்கிள் சாயும் சத்தம் கேட்டது.

அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே அறைக்குள் வந்து நின்றான்.

"ஒடைஞ்சிடுச்சு," என்றான். "பன்னெண்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கறப்ப. வீக்ஸ்னே நாடு. அதப் பாத்துட்டு மத்த ரெண்டு நாடும் அஞ்சு நிமிஷத்துல எழுதிட்டாங்க. கர்னல் நாற்காலியில உக்காந்துட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க." என்னைப் பார்த்தான். "நீதான?"

"நான்," என்றாள் ஹில்ட்ரூட்.

"நீயா?"

"வியாழக்கெழம மத்தியானத்துக்குள்ள சொல்லுன்ன. சொல்லிட்டேன்."

பிறகு அந்த மனிதன் கேட்டதைக் கேளுங்கள். கட்டில் பக்கத் தட்டிலிருந்து இல்லத்தின் விண்ணப்பத்தை எடுத்தான். அதன் ஓரத்தைச் சரி செய்தான்.

"அப்ப இதுக்கும் எதிர்ப்புன்னு எடுத்துக்கணுமா?" என்றான். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

"ஆமா."

"அவங்களுக்கு எழுதணும். காரணம்னு ஏதாவது..."

ஹில்ட்ரூட் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கழற்றாத தலைக்கவசத்தை, கால்சட்டையில் மாட்டிய சைக்கிள் கிளிப்பை, நுனிவிரலில் பிடித்திருந்த காகிதத்தை.

"மணி பன்னெண்டு இருவது," என்றாள். "என் இடுப்பு வலிக்குது. மொதல்ல என்னத் திருப்பு."

அவன் காகிதத்தை வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். முழங்காலுக்கு அடியில் ஒரு கை, தோளுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, முறைப்படி, இழுக்காமல் திருப்பினான். முதுகுக்குத் தலையணை கொடுத்தான். நான் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சீரமைப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பட்டியலைத் திரும்ப வாங்கினார்கள். தன் நாற்காலி வேண்டாம் என்று சொல்ல எந்த நாட்டுக்கும் மனம் வரவில்லை, ஆள் அனுப்பவும் முடியவில்லை. கடைசியில் மூன்று நாற்காலி, மூன்று கொடி, அப்படியே இருந்தன. கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: "உதவியாளர், ஹாஸ்டென், மறு ஆய்வு வரை தொடர்வார்." அதையும் லூட்கர்தான் தட்டச்சு செய்தான். இதற்குப் பதினோரு மாதமும் நாலு மாநாடும் ஆயின. ரூலோஃப்ஸ் பதவி உயர்வு பெற்று வேறெங்கோ போனார்.

லூட்கர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மேஜர் வீட்டுக்கு ஒரு பாட்டில் தானியச் சாராயம் கொண்டுபோய், தன் குடும்பத்தால் அவர் நாட்டுக்கு நேர்ந்த தொந்தரவுக்கு வருந்துவதாகச் சொல்லியிருக்கிறான். மேஜர் பாட்டிலை வாங்கிக்கொண்டு, தங்கள் நாட்டு ராணுவத்துக்கு இவ்வளவு உபகாரம் இதுவரை யாரும் செய்ததில்லை என்றாராம். அதை லூட்கர் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். அந்த மாத அறிக்கையில் என்ன எழுதினாய் என்று பிற்பாடு கேட்டேன். "எப்பவும் எழுதறதுதான்" என்றான்.

ஹில்ட்ரூட் அதன்பின் நாலு வருடமும் சில வாரங்களும் அந்த வீட்டில் இருந்தாள். கடைசி வருடம் பேச்சு முழுவதும் போய், கண்ணிமையால் ஆமாம், இல்லை என்று சொன்னாள். இல்லை என்பதை அடிக்கடி சொன்னாள். ஒரு நவம்பர் காலை, பத்தரை மணிக்கு, நான் அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது போனாள். லூட்கருக்குப் போன் செய்தேன். ஒரு இரவுப் பட்டியலை முடித்துக்கொண்டிருந்தான், அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான். கொடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு, "அப்படியே போட்டுட்டு வரேன்," என்றான்.

வந்தான். உடம்பைக் கழுவும்போது அவளைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். முதுகில் ஒரு புண் இல்லை.